குண்டு எங்கே போய் நிற்கும்?

2023 டிசம்பர் 24, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் மும்பை சுனாபட்டியின் ஆசாத் கல்லியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. குழுப்பகையின் விளைவு என்று சொல்லப்பட்ட அந்தத் தாக்குதலில் ஒருவர் இறந்தார். காயமடைந்தவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அந்தப் பகைக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தக் கல்லியில் அப்போது இருந்தாள் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவள் காயத்துக்கு இல்லை.

இத்தகைய நிகழ்வுக்குப் பின் அச்சம் கொண்ட எவர் மனத்திலும் ஒரு கேள்வி எழுவது இயல்பு: வீட்டில் ஒரு ரிவால்வர் இருந்தால் நல்லதல்லவா? இக்கேள்வியை ஒட்டியே இன்னொன்றும் வரும்: இருந்தால், அதில் எந்தத் தோட்டாவை இடுவது? முதற்கேள்வி அரசியல் என்றும் அறம் என்றும் விவாதிக்கப்படுகிறது. இரண்டாவது வெறும் தொழில்நுட்பம் என்று ஒதுக்கப்பட்டு, துப்பாக்கி ஆர்வலர்களிடம் விடப்படுகிறது. ஆனால் தோட்டாவைப் பற்றிய அந்தச் சிறிய கேள்வியை இறுதிவரை நேர்மையாகப் பின்தொடர்ந்தால், அதுவே முதற்கேள்விக்கும் விடை தந்துவிடுகிறது. சுனாபட்டி போன்ற ஓரிடத்தில் அந்த விடை மிகத் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. தமிழில் தோட்டா, குண்டு, ரவை என்னும் மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருளில் வழங்குகின்றன. ‘உடலில் தோட்டா பாய்ந்தது’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. உண்மையில் தோட்டா பாய்வதில்லை. தோட்டா என்பது நான்கு உறுப்புகள் சேர்ந்த ஒரு பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பொறி எழுப்பும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் பொருத்தப்பட்ட குண்டு. ரிவால்வரில் சுட்ட பிறகும் கூடு அதன் உருளைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியேறுவது குண்டு மட்டுமே. உரிமம் பெற்றவர் வாங்குவதும், கடைக்காரர் பதிவேட்டில் எழுதுவதும், காவல்துறை கணக்குக் கேட்பதும் தோட்டாக்களை. எத்தனை வாங்கப்பட்டன, எத்தனை மீதி என்பதற்குச் சட்டத்தில் கணக்கு உண்டு. குழலை விட்டு நீங்கிய குண்டு எந்தச் சுவரைக் கடந்து எங்கே நின்றது என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை. தோட்டாவைத் தேர்வது என்பது அந்தக் குண்டின் எடை, வேகம், முனையின் வடிவம் ஆகியவற்றைத் தேர்வதே.

இத்தேர்வு பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் உருவானது. அதன் இன்றைய அளவுகோல்களுக்கு ஒரு குறிப்பிட்ட பிறப்பிடமும் உண்டு. 1986 ஏப்ரலில் மயாமியில் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் முகவர்களுக்கும் இரு கொள்ளையர்களுக்கும் நடந்த மோதலில் இரு முகவர்கள் கொல்லப்பட்டனர். குண்டடிபட்ட பின்னும் கொள்ளையன் ஒருவன் தொடர்ந்து சுட முடிந்தது ஏன் என்ற ஆய்வு, குண்டு உடலுக்குள் எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதை மையப்படுத்தியது. மனிதத் தசையை ஓரளவு ஒத்த ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம், அதாவது ஏறத்தாழ 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை ஊடுருவும் குண்டே போதுமானது என்ற அளவு அப்போது நிலைபெற்றது. வீட்டுப் பாதுகாப்புக்குத் தோட்டா தேர்வோரும் இதே அளவைக் கடன் வாங்கிக்கொண்டனர்.

அந்த எழுத்துகள் பெரிதும் பரிந்துரைப்பது முனை குழிந்த குண்டு. உடலைத் தாக்கியதும் அதன் முனை மலர்ந்து விரியும். விரிவதால் காயம் பெரிதாகும். அதே காரணத்தால் வேகம் குறைந்து உடலுக்குள்ளேயே நின்றுவிடவும் வாய்ப்புண்டு. எதிரியைத் துளைத்து அப்பால் சென்று பிறரைத் தாக்காது என்பதே இதற்குச் சொல்லப்படும் அறவியல் நியாயம். ஆனால் விரிவதற்கு வேகம் வேண்டும். குட்டைக் குழல் கொண்ட சிறு ரிவால்வரில் அந்த வேகம் பல வேளைகளில் கிடைப்பதில்லை. தடித்த துணியைக் கடக்கும்போது குழியில் நூலும் பஞ்சும் அடைத்துக்கொண்டால் முனை மலராமலே போகும். அப்போது அது சாதாரணக் குண்டு போலவே நேராகத் துளைத்துச் செல்லும். ஆகவே சிறிய அளவு ரிவால்வர்களுக்கு விரியும் குண்டை நம்பாமல், தட்டைமுனை ஈயக்குண்டையே பயன்படுத்தலாம் என்று வாதிடும் ஒரு தரப்பும் அங்கே உண்டு.

இவ்விவாதத்தின் அடியில் ஒரு முரண்பாடு இருக்கிறது. மனித உடலுக்குள் ஓரடிக்கு மேல் ஊடுருவ வல்ல குண்டு, மெல்லிய தடுப்புச் சுவரையும் கடக்க வல்லது. ஆளை நிறுத்தவும் வேண்டும், சுவரில் நிற்கவும் வேண்டும் என்ற இரு வேண்டுதல்களையும் ஒருசேர நிறைவேற்றும் கைத்துப்பாக்கிக் குண்டு இல்லை. இதை அமெரிக்கக் கையேடுகளே ஒப்புக்கொள்கின்றன. சுடும் கோணத்தைத் திட்டமிடுக, குழந்தைகளின் அறை எப்பக்கம் என்று அறிந்துகொள்க, படுக்கையறைக்குள் பின்வாங்கிக் கதவைத் தாழிடுக என்று அவை மாற்று வழி கூறுகின்றன. அறிவுரை நல்லதுதான். பல அறைகளும், அறைகளுக்கிடையே நடைவழியும், வீட்டைச் சுற்றிப் புல்வெளியும் இருக்கும் வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது.

இந்தியாவில் இத்தேர்வைப் பெரும்பாலும் சட்டமே செய்துவிட்டது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்ட துளையளவு, தடைசெய்யப்படாத துளையளவு என இருவகையாகப் பிரிக்கின்றன. பாயிண்ட் 38 ரிவால்வரும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலும் முதல் வகை. சாதாரணக் குடிமகனுக்கு எஞ்சுவது பெரும்பாலும் பாயிண்ட் 32. அதன் தோட்டா 1896இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. வழக்கமான குண்டின் எடை ஏறத்தாழ 6.35 கிராம், விட்டம் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, வேகம் நொடிக்கு 200 மீட்டருக்குச் சற்று மேல். கான்பூரின் அரசுத் தொழிற்சாலைகள் இந்த ரிவால்வரைச் செய்கின்றன. 2014 ஜனவரியில் பெண்களின் பாதுகாப்புக்கென்று ‘நிர்பீக்’ என்ற பெயரில் 500 கிராம் எடையுள்ள ஒரு வகை வந்தது. அச்சமற்றவர் என்று பொருள்படும் அந்தப் பெயர், 2012 டெல்லிக் கொடுமைக்குப் பின் நாடே அறிந்த ‘நிர்பயா’வை நினைவூட்டவே இடப்பட்டது. அப்போது அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தது. உள்நாட்டுத் தோட்டா புனே அருகே கட்கியில் உள்ள வெடிபொருள் தொழிற்சாலையில் தயாராகிறது. அதில் பெரும்பாலும் இருப்பது உருண்டை முனை ஈயக்குண்டு, அல்லது உலோக உறையிட்ட குண்டு. இரண்டும் மலர்ந்து விரிய வடிவமைக்கப்பட்டவை அல்ல. அமெரிக்கக் கையேட்டின் முதற்பரிந்துரை இந்தியப் பயனருக்குப் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

இதில் ஒரு வரலாற்று முரணும் உண்டு. விரியும் குண்டு உலகப் பெயர் பெற்றது இந்திய மண்ணில்தான். கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் கேப்டன் நெவில் பெர்ட்டி கிளே உலோக உறையின் முனையைத் திறந்துவிட்டு, உள்ளிருக்கும் ஈயம் வெளித்தெரியும் குண்டைச் செய்தார். வடமேற்கு எல்லைப் பழங்குடிகளின் மீது பாயும் குண்டு அவர்களை உடனே வீழ்த்தவில்லை என்ற பேரரசுப் படையின் குறையைத் தீர்க்கவே அது செய்யப்பட்டது. ‘டம்டம்’ என்ற ஊர்ப்பெயர் குண்டின் பெயராகவே மாறி ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. 1899இல் தி ஹேக் மாநாடு, உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று பிரகடனம் செய்தது. போர்க்களத்தில் பகைவன் மீது ஏவக்கூடாதென்று நாடுகள் ஒப்புக்கொண்ட குண்டு, அடுத்த நூற்றாண்டில் வீட்டின் படுக்கையறை மேசைக்குப் பொருத்தமானதாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அப்பரிந்துரையில் பொருளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. போர்க்களத்தில் குண்டடிபட்டவனுக்கு அப்பால் பெரும்பாலும் இன்னொரு வீரன் இருப்பான். வீட்டில் அப்பால் இருப்பது குழந்தை. ஆனால் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டால், அப்பால் இருப்பவர் யார் என்ற கேள்வியையும் முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கே சுனாபட்டியின் வீட்டைப் பார்க்க வேண்டும். தமிழ்ச் செவிக்குக் கோயில்பட்டி, உசிலம்பட்டி வரிசையில் இன்னொரு பட்டியாக ஒலிக்கும் இந்தப் பெயர் உண்மையில் சுண்ணாம்புக் காளவாயைக் குறிக்கும் மராத்திச் சொல். ஹார்பர் ரயில் தடத்தில் குருதேக் பகதூர் நகருக்கும் குர்லாவுக்கும் இடையே இருக்கும் நிலையம் அது. தாராவியும் மாட்டுங்காவும் ஒருபுறம், செம்பூர் மறுபுறம். 2000இல் மூடப்பட்ட சுதேசி ஆலையின் தொழிலாளர் குடியிருப்புகளும், சால் எனப்படும் வரிசை வீடுகளும், குடிசைப் பகுதிகளும், அவற்றின் இடத்தில் எழுந்த மறுவாழ்வு அடுக்ககங்களும் கலந்த பகுதி. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது இங்கே ஒரு குடும்பத்தின் முழு வீடாக இருக்கக்கூடும். அதற்குள்ளேயே அடுப்பு, பீரோ, படிக்கும் பிள்ளை, தூங்கும் பாட்டி. மேலே மரப்பலகையில் ஒரு மாளா; அதில் இரவுப்பணி முடித்த மகனோ ஊரிலிருந்து வந்த உறவினரோ படுத்திருப்பர். பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் பொதுச்சுவர். அது செங்கலாக இருக்கலாம். பழைய குடிசையாக இருந்தால் தகரமும் பிளைவுட்டும் கல்நார்த் தகடும் ஆகலாம். இங்கே பக்கத்து வீட்டாரின் இருமல் கேட்கும். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதும் கேட்கும்.

பாயிண்ட் 32 ஆற்றலில் குறைந்த தோட்டாதான். ஆனால் தகரத்தையோ பிளைவுட்டையோ நம்பி அதன் குண்டின் முன் எவரும் உறங்க முடியாது. சுவர் செங்கல்லாக இருந்தாலும் அந்தச் சிற்றறைக்குள் அது தெறித்துத் திரும்பக்கூடும். கதவு திறந்திருந்தால் எதிரே மூன்றடி அகலக் கல்லி. கல்லிக்கு அப்பால் இன்னொரு திறந்த கதவு. முனை உருண்டையா, தட்டையா, குழிவா என்பதைப் பொறுத்து இந்நிலை சற்றே மாறலாம். அடிப்படை மாறாது.

காலமும் இடமும் கூட எதிராகவே நிற்கின்றன. 1983இல் சால்ட் லேக் சிட்டிக் காவலர் டென்னிஸ் ட்யூலர் எழுதிய கட்டுரையிலிருந்து துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் அனைவரும் அறிந்த ஒரு கணக்கு வந்தது. கத்தியோடு ஓடிவரும் ஒருவன் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்குப் பயிற்சி பெற்ற காவலருக்கும் அவ்வளவு நேரம் வேண்டும். பன்னிரண்டடி அறையில் 21 அடி எங்கிருந்து வரும்? கதவை உடைத்தவன் உள்ளே கால் வைக்கும்போதே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான். ரிவால்வரோ பீரோவுக்குள், பூட்டுக்குள், துணிகளுக்கு அடியில். பூட்டாமல் வைத்தால் எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கும் அது எட்டும். ஓரறை வீட்டில் குழந்தைக்கு எட்டாத, பெரியவருக்கு உடனே எட்டும் இடம் என்று ஒன்று இல்லை.

துப்பாக்கிப் பயிற்சியின் புகழ்பெற்ற நான்கு விதிகளில் கடைசி விதி, இலக்கையும் இலக்குக்கு அப்பால் இருப்பதையும் அறிந்திருக்கச் சொல்கிறது. அமெரிக்கப் புறநகரில் இவ்விதி ஓர் எச்சரிக்கை. அப்பால் இருப்பது என்னவென்று அங்கே பல வேளைகளில் தெரியாது. தெரியாதபோது சுடாதே என்பது அதன் பொருள். சுனாபட்டியில் அப்பால் இருப்பது எந்நேரமும் தெரியும். எந்தச் சுவருக்குப் பின்னால் யார் எந்தத் திசையில் தலைவைத்துப் படுத்திருக்கிறார் என்பது வரை தெரியும். ஆகவே இந்த விதியைக் கடைப்பிடிக்கும் ஒருவர் தம் வீட்டுக்குள் எத்திசையிலும் சுட இயலாது. தோட்டாத் தேர்வு இங்கே முடிந்துவிடுகிறது.

சட்டம் இதைவிடத் தாராளமானது என்பதையும் சொல்ல வேண்டும். தற்காப்புரிமை இந்தியாவில் வலுவான உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதை வரையறுக்கின்றன. சூரியன் மறைந்தபின், உதிக்குமுன் வீட்டை உடைத்து நுழைபவனுக்கு எதிராக உயிர்போக்கும் அளவுக்கும் அவ்வுரிமை நீளலாம் என்கிறது 41ஆம் பிரிவு. தேவைக்கு மேற்பட்ட தீங்கு கூடாது, காவல்துறையை நாட நேரமிருந்தால் உரிமை இல்லை என்று 37ஆம் பிரிவு எல்லை வகுக்கிறது. உயிருக்கு ஆபத்து வந்த குடிமகன் கோழையைப் போல ஓடி ஒளிய வேண்டியதில்லை என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றமும் 2010இல் தர்சன் சிங் வழக்கில் உறுதிப்படுத்தியது.

அதிகம் பேசப்படாத பிரிவு 44. உயிரச்சம் தரும் தாக்குதலை எதிர்ப்பவர், குற்றமற்ற ஒருவருக்கு ஊறு நேரும் ஆபத்தின்றித் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால், அந்த ஆபத்தை மேற்கொள்ளும் அளவுக்கும் அவருடைய உரிமை நீளும் என்கிறது அது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 106ஆம் பிரிவாக இருந்தது இது. அங்கே தரப்பட்ட விளக்க எடுத்துக்காட்டில், தன்னைக் கொல்ல வரும் கும்பலை நோக்கி ஒருவர் சுடுகிறார். அக்கும்பலில் சிறு குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். குழந்தைக்குக் காயம் பட்டாலும் சுட்டவர் குற்றவாளி ஆகமாட்டார். சட்டத்தை வரைந்தவர்கள் அந்தக் குழந்தையை மறக்கவில்லை. நினைத்துப் பார்த்து, எடைபோட்டு, அவளுக்கு நேரும் தீங்கை மன்னிக்கத்தக்கதாக்கினர்.

மன்னிக்கத்தக்கது என்பதும் செய்யத்தக்கது என்பதும் வேறுவேறு. தண்டனைச் சட்டம் நிகழ்ந்துவிட்ட ஒன்றின்மேல் தீர்ப்பளிக்கிறது. திடீரென்று தாக்கப்பட்டவர் அந்தக் கணத்தில் அளந்து பார்க்க இயலாது என்பதால் அது இரக்கம் காட்டுகிறது. தோட்டா வாங்கப் போகிறவருக்கு அந்த இரக்கம் பொருந்தாது. அவருக்கு நேரம் இருக்கிறது. விண்ணப்பம், காவல்நிலைய விசாரணை, பயிற்சி, காத்திருப்பு என்று மாதக்கணக்கில் இருக்கிறது. அந்த மாதங்களில் பொதுச்சுவரின் தடிமனை அவர் அளந்து பார்த்துவிட முடியும்.

வெளியிலிருந்து வரும் திருடனை மட்டும் நினைத்து வாங்கும் துப்பாக்கி வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 அக்டோபர் 1 அதிகாலையில் மும்பை ஜூஹூவில் நடிகர் கோவிந்தாவின் உரிமம் பெற்ற ரிவால்வரே தவறுதலாக வெடித்து அவர் காலைக் காயப்படுத்தியது. கலிபோர்னியாவில் பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழும், தாம் துப்பாக்கி இல்லாத பெரியவர்கள் கொலையுண்ணும் வீதம், துப்பாக்கியில்லா வீட்டாரைவிட இருமடங்குக்கும் மேல் என்று கண்டது. கலிபோர்னியாவின் எண்களை மும்பைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் குடி, கடன், சந்தேகம், சொத்துத் தகராறு ஆகியவை ஓரறை வீட்டில் இல்லை என்று எவரும் சொல்லமாட்டார். நிர்பீக் விளம்பரம் பெண்ணின் கையில் ரிவால்வரைக் காட்டியது. நடைமுறையில் அந்த உரிமம் எவர் பெயரில் இருக்கும், பீரோச் சாவி எவர் இடுப்பில் இருக்கும் என்பதை எந்தச் சாலிலும் கேட்டறியலாம்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் ஒன்று வலிமையானது. துப்பாக்கி வேண்டாம் என்ற அறிவுரை எப்போதும் ஏழைக்கே சொல்லப்படுகிறது என்பது அது. வாயிற்காவலரும் கேமராவும் சுற்றுச்சுவரும் உடையவர் உரிமமும் பெற்றுவிடுகிறார். பூட்டைத் தவிர ஏதுமற்றவருக்கு நீதிபோதனை கிடைக்கிறது. இதில் உண்மை உண்டு. உள்துறை அமைச்சகம் வெளியிட்ட 2016 இறுதிக் கணக்கின்படி நாட்டின் ஏறத்தாழ 33.69 லட்சம் உரிமங்களில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம் இருந்தன. மகாராஷ்டிரத்தில் 84 ஆயிரம் அளவில், தமிழ்நாட்டில் 22 ஆயிரம் அளவில். சில பகுதிகளில் துப்பாக்கி உரிமம் சாதி மதிப்பின், நில மதிப்பின் அடையாளமாகவே வழங்குகிறது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரிடமிருந்து ஆயுதம் பறித்து ஐரோப்பியருக்கு விலக்களித்ததை விடுதலை இயக்கம் இழிவாகவே கருதியது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், நெறிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக வைத்தது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆயுதம் எல்லோருக்கும் உரிமையானால், யாரிடமிருந்து காத்துக்கொள்ள அது தேவைப்படுகிறதோ அவருக்கும் அது உரிமையாகும் என்பது அவருடைய எதிர்ப்பின் சாரம். ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நின்று சிந்தித்தவர் இம்முடிவுக்கு வந்தது எண்ணிப்பார்க்கத் தக்கது. உரிமம் தாளில் எல்லோருக்கும் பொதுவானாலும், லட்ச ரூபாய் ரிவால்வர் கல்லியில் எல்லோர் கையிலும் சேராது. கந்துவட்டிக்காரரிடமும் தாதாவிடமும்தான் முதலில் சேரும்.

காவல்துறையே கைவிட்டால் என்ன செய்வது என்பது அதன் அடுத்த படி. மும்பைத் தமிழருக்கு இது கற்பனைக் கேள்வி அன்று. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நகரம் எரிந்தபோது தாராவியும் எரிந்தது. நகரெங்கும் ஏறத்தாழ 900 பேர் இறந்தனர். காவல்துறையின் ஒருதலைப்போக்கை ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பின்னர் பதிவு செய்தது. அந்த இரவுகளில் ஆயுதம் தேடியவர்களின் அச்சத்தை எளிதாக எடைபோட எவருக்கும் தகுதியில்லை. ஆனால் கலவரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தத் தெருக்களை ஓரளவு காத்தவை எவை என்பதும் பதிவாகியுள்ளது. மொஹல்லா குழுக்கள் அமைந்தன. இந்துக்களும் முஸ்லிம்களும், தமிழரும் மராத்தியரும் உத்தரப் பிரதேசத்தாரும், பகுதிக் காவலர்களோடு ஒன்றாக அமர்ந்து வதந்தியை வதந்தி நிலையிலேயே நிறுத்தினர். தாராவி அவற்றுக்கு முன்மாதிரிகளுள் ஒன்று. பொதுச்சுவருக்கு அப்பால் இருப்பவர் முதல் துணைவர் என்ற நம்பிக்கையே அவற்றின் அடித்தளம். வீட்டில் ரிவால்வர் புகும்போது அதே அண்டைவீட்டார் சுடுதிசையில் இருப்பவராக மாறுகிறார்.

அன்றாட ஆபத்தைக் கணக்கிட்டாலும் முடிவு மாறுவதில்லை. சுனாபட்டிப் பெண்களின் இரவு அச்சம் பெரும்பாலும் பொதுக் கழிப்பிடத்துக்குச் செல்லும் விளக்கில்லாத வழியில் இருக்கிறது. பீரோவுக்குள் பூட்டிய ரிவால்வர் அங்கே வராது. ஆசாத் கல்லியில் சுட்டவர்களும் வீட்டுக் கதவை உடைத்து வந்தவர்கள் அல்லர். பகலில் தெருவில் சுட்டவர்கள். ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்பின் 2017 மதிப்பீட்டில் இந்தியக் குடிமக்களிடம் இருந்த 7.1 கோடித் துப்பாக்கிகளுள் பதிவு பெற்றவை ஒரு கோடிக்கும் குறைவு. எட்டு வயதுச் சிறுமியைக் காக்க வேண்டுமானால் அந்த எஞ்சிய கோடிகளைத் தேடிப் பிடிக்கும் காவல் பணியும், கல்லிமுனை விளக்கும், 112ஐ அழைத்தால் உடனே வந்து சேரும் காவலரும் வேண்டும். உட்புறம் உறுதியான தாழ்ப்பாள் கொண்ட இரும்புக் கதவும், கூச்சலிட்டால் எழுந்து வரும் பத்து வீட்டாரும் அதற்கு முன்பே வேண்டும். இவற்றை அரசிடமும் நகராட்சியிடமும் கேட்டுப் பெறுவது, உரிம விண்ணப்பம் ஒன்றை நிரப்புவதைவிடக் கடினமானது. ஏழைக்குச் சொல்லப்படும் அறிவுரை போதனையாக முடிந்துவிடாமல் இருக்க, அந்தக் கடினமான கோரிக்கையில் படித்தவர்களும் உடன் நிற்க வேண்டும்.

எந்தத் தோட்டா என்ற கேள்விக்குக் கையேடுகள் எடையும் வேகமும் முனையும் சொல்லும். வெற்று நிலத்தில் தனித்து நிற்கும் வீட்டுக்கு அவை ஒருவேளை போதும். சுனாபட்டியில் கேட்க வேண்டிய கேள்வி, சுட்ட குண்டு எங்கே போய் நிற்கும் என்பது. பொதுச்சுவருக்கு மறுபுறம் குடியிருப்பவரிடம் அதைக் கேட்டு, அவர் சம்மதம் பெற்று வாங்கக்கூடிய தோட்டா எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை.